ஆச்சியின் குரோஸ் கணக்கு

ஒருவர் இறந்தால் 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிட வேண்டும் என்பது 1969-ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கான படிவத்தில் கையெழுத்துப் போடும் இடத்தைத் தவிர வேறெதையும் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. துக்க வீட்டில் யாருக்கு அந்தப் பொறுமை இருக்கும்? 2023 ஆவணியில் எங்கள் ஆச்சி கோவில்பட்டி வீட்டில் காலமானபோது அந்தப் படிவத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நான் படித்தேன். மாமாவுக்குக் கண்ணாடி போட்டும் பொடி எழுத்து தெரியவில்லை. அதனால் நான் வரிவரியாக வாசித்துச் சொல்ல, அவர் எழுதிக்கொண்டே வந்தார்.

படிவம் இரண்டு பகுதிகளாக இருக்கிறது. பெயர், கணவர் பெயர், வயது, இறந்த நாள், இறந்த இடம் எல்லாம் ஒரு பகுதி. சான்றிதழில் வருவது அந்தப் பகுதிதான். மற்றது புள்ளிவிவரத்துக்காகக் கிழித்து அனுப்பப்படும் பகுதி. மதம், தொழில், கடைசியில் என்ன வைத்தியம் நடந்தது, புகைப்பிடிக்கும் பழக்கம் உண்டா, புகையிலை மெல்லும் பழக்கம் உண்டா, பாக்குப் போடும் பழக்கம் உண்டா, உண்டென்றால் எத்தனை வருஷம் என்று அதில் கேள்விகள் போகின்றன. தொழில் என்று வருகிற இடத்தில், தொழில் ஏதும் இல்லையென்றால் அப்படியே எழுதும்படி ஒரு குறிப்பும் இருக்கிறது. மாமா ஒரு விநாடிகூடத் தயங்காமல் ‘இல்லை’ என்று எழுதினார். பாக்குப் பழக்கம் எத்தனை வருஷம் என்ற கேள்விக்குத்தான் பேனாவை நிறுத்தினார். பெரியம்மாவைக் கூப்பிட்டு விசாரித்து, தாத்தா இருந்த காலம், அவர் போன பிறகு என்றெல்லாம் கூட்டிப் பார்த்து, ‘60’ என்று எழுதினார்.

அந்த இரண்டு பதில்களும் ஒரே தாளில் இருப்பது என்னை இன்றுவரை உறுத்துகிறது. எத்தனை வருஷம் பாக்கு மென்றாள் என்பது எங்களுக்கு முக்கியமாகப் பட்டது, விசாரித்து எழுதினோம். முப்பது வருஷத்துக்கும் மேலாகத் தீப்பெட்டி ஒட்டியவளுக்குத் தொழில் இல்லை என்பதை யாரையும் கேட்காமலே எழுதிவிட முடிந்தது. மாமா தாயை உயிராக நினைத்தவர். கடைசி இரண்டு வருஷம் தன் கையாலேயே குளிப்பாட்டியவர். அவர் மனதில் அலட்சியம் துளியும் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் உறுத்தல் போகவில்லை.

விபவ வருஷம், தை மாதம்

ஆச்சியின் வயதிலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. ஆதார் அட்டையில் அவள் 1934 ஜனவரி 1-இல் பிறந்தவள். வாக்காளர் அட்டையில் வேறொரு வயது. ரேஷன் அட்டையில் எழுதியிருந்த வயதோ பல வருஷம் ஏறாமலே நின்றிருந்தது. ஆனால் அவளிடம் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: விபவ வருஷம், தை மாதம். அறுபது வருஷச் சுற்றை வைத்துப் பார்த்தால் அது 1929-இன் தொடக்கம். அந்தச் சுற்று முடிந்து 1988 சித்திரையில் மறுபடி விபவ பிறந்தபோது, “என் வருஷம் திரும்பி வந்துவிட்டது” என்று அக்கம்பக்கத்தில் சொல்லி எல்லோருக்கும் பானகம் கொடுத்ததை அம்மா இன்னும் நினைவில் வைத்திருக்கிறாள். எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி தன் பிறப்பை இவ்வளவு துல்லியமாக வைத்திருந்தாள். அட்டைகள் எல்லாவற்றிலும் அது தவறாகவே இருந்தது. கருமாதிப் பத்திரிகையில் நாங்கள் 94 என்று போட்டோம். அந்த ஒரு கணக்கிலாவது அவள் சொல் நின்றது.

எட்டயபுரத்துப் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றில் பிறந்து, பதினாறு வயதில் கல்யாணம் முடிந்து, மாட்டுவண்டியில் கோவில்பட்டிக்கு வந்தாள். அதன் பிறகு ஊரை விட்டு அவள் வெளியே தங்கிய இரவுகள் மிகவும் குறைவு. 1986-இல் மாவட்டம் பிரிந்து ஊர் தூத்துக்குடியோடு சேர்ந்துவிட்ட பிறகும், யாராவது கேட்டால் “திருநெல்வேலி ஜில்லா” என்றுதான் சொல்வாள். கோவில்பட்டியைத் தெரிந்தவர்களுக்கு அங்கே தண்ணீர் என்றால் என்னவென்று தெரியும். சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணி குழாயில் வந்து சேர்வதற்காக வீடு வீடாகக் குடங்கள் காத்துக் கிடக்கும் ஊர் அது. ஆச்சியின் நாளில் பாதி தண்ணீருக்குப் போயிற்று. மீதிப் பாதியில் சமையல், பிள்ளைகள், மாமியாரின் வைத்தியம். இதற்கெல்லாம் இடையில் தீப்பெட்டி.

தாத்தா பருத்தி கமிஷன் கடையில் கணக்குப்பிள்ளை. பருத்தி வரத்து இருக்கும் மாதங்களில் வீட்டில் ஓரளவு காசு புழங்கும். மற்ற மாதங்களில் கடை முதலாளியே கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். கணக்குப்பிள்ளைக்கு எங்கிருந்து சம்பளம் வரும்? ஆனால் பட்டம் என்னவோ பெரியது. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, காதோரம் பென்சில். தெருவில் அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர் கிடையாது. அந்த மரியாதையை வைத்துக்கொண்டு ஆறு மாதம் அரிசி வாங்க முடியாது என்பதை ஆச்சி சீக்கிரமே தெரிந்துகொண்டாள். அம்மா கைக்குழந்தையாக இருந்தபோது, அதாவது 1950-களின் நடுவில், பக்கத்து வீட்டு வழியாக முதல் சாக்கு மூட்டை வீட்டுக்குள் வந்தது.

சக்கையும் ஊதாத்தாளும்

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதெல்லாம் விளக்கத் தேவையில்லை. வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யும் வித்தையைக் கற்றுவந்த பிறகு, சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரம் முழுவதும் அந்தத் தொழில் பரவியது. மழை குறைவு, வெயில் அதிகம். விவசாயிக்குச் சாபமாக இருந்த அதே வானம் தீப்பெட்டிக்காரருக்கு உதவியது. குச்சியும் பெட்டியும் மருந்தும் காய வேண்டுமே. தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ் என்றுதான் பேச்சு. குச்சியைக் கட்டையில் அடுக்குவது, மருந்தில் முக்குவது, பெட்டியின் பக்கவாட்டில் மருந்து பூசுவதெல்லாம் ஆபீசில் நடக்கும். வெறும் பெட்டியைச் செய்யும் வேலை வீடுகளுக்கு வரும்.

மரத்தை மிக மெல்லிசாகச் சீவிய சக்கை கட்டுக்கட்டாக வரும். மடிக்க வேண்டிய இடங்களில் முன்பே கீறல் விழுந்திருக்கும். கூடவே ஊதாத்தாள், கிழங்கு மாவு. மாவைக் காய்ச்சிப் பசையாக்கி, மயில்துத்தம் சேர்த்து, பலகையில் தடவி, தாளை அதில் பரப்பி, சக்கையைக் கீறல் வழியே மடித்துத் தாளோடு சுற்றி ஒட்ட வேண்டும். குச்சி இருக்கும் உள்தட்டு அடிப்பெட்டி, அதைச் செருகும் உறை மேல்பெட்டி. மேல்பெட்டி சுலபம். அடிப்பெட்டிதான் சோதிக்கும். அடிச்சக்கையை உள்ளே பதித்து நான்கு ஓரமும் தாளால் இழுத்து மூட வேண்டும், ஒரு மூலை தூக்கினாலும் கழிவு. 144 பெட்டி ஒரு குரோஸ். கூலி குரோஸ் கணக்கில். நயா பைசா வந்து பல வருஷம் ஆன பிறகும் ஆச்சி கூலியை அணாவில்தான் நினைத்துப் பார்த்தாள்.

எனக்கு நினைவு தெரிந்தபோது அவள் ஒட்டும் காலத்தின் கடைசி வருஷங்கள் நடந்துகொண்டிருந்தன. ஒரு காலை நீட்டி, ஒரு காலை மடித்து, பலகையைத் தொடையோடு அணைத்து உட்கார்ந்திருப்பாள். கண் பலகையைப் பார்க்காது. வாசலைப் பார்த்துக்கொண்டே, வருகிறவர்களோடு பேசிக்கொண்டே, விரல்கள் மட்டும் மடித்து, சுற்றி, நீவி, பக்கத்தில் எறியும். எறிந்த பெட்டி நிமிர்ந்து நிற்கும்! நாங்கள் எறிந்தால் உருண்டு ஓடும். வலது கட்டைவிரல் நகத்தின் ஓரம் எப்போதும் துத்தத்தின் பச்சை ஏறிக் கிடக்கும். அந்தக் கட்டைவிரலின் ரேகை முழுவதும் தேய்ந்துபோயிருந்தது. பிற்காலத்தில் ரேஷன் கடையில் கைரேகை எடுக்கும் இயந்திரம் வந்தபோது அவள் விரலை அது ஏற்கவே இல்லை. வயதானவர்கள் பலருக்கும் இப்படி ஆகும் என்றார்கள். இருக்கலாம். ஆனால் பசையும் சக்கையும் முப்பது வருஷம் உரசிய விரல் அது என்பதை அங்கிருந்த யாருக்கும் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை, அவளும் சொல்லவில்லை.

சொல்லமாட்டாள். இதுதான் இந்த விஷயத்தில் கடினமான முடிச்சு. சம்பந்தி வீட்டார் வருகிறார்கள் என்றால் சாக்கு கட்டிலுக்கு அடியில் போய்விடும். பசைச்சட்டி கொல்லைக்குப் போய்விடும். தாத்தாவின் கடையிலிருந்து யாராவது வந்தால் பலகையின் மேல் முறத்தைக் கவிழ்த்து அரிசி புடைப்பதுபோல் உட்கார்ந்துகொள்வாள். வீட்டுக்கு வீடு கணக்கெடுக்க வந்தவர்களிடமும் “வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்” என்றே சொன்னாள். கணக்குப்பிள்ளை வீட்டுப் பெண் கூலிக்குப் பெட்டி ஒட்டுகிறாள் என்ற பேச்சு தெருவுக்குப் போகக் கூடாது என்பதில் தாத்தாவைவிட அவளுக்கே பிடிவாதம் அதிகம். ஆக, மாமா எழுதிய ‘இல்லை’ ஒரு வகையில் ஆச்சி காலமெல்லாம் சொல்லிவந்த பதில்தான். அவள் சொன்னதையே எழுதியிருக்கிறார், இதில் எனக்கு என்ன குறை என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன். அந்த யோசனையை ஒவ்வொரு முறையும் தடுத்து நிறுத்துவது அம்மா சொன்ன ஒரு சம்பவம்.

பதினொரு குரோஸ்

அம்மாவுக்கு அப்போது பத்து அல்லது பதினோரு வயது. ஐப்பசி மழை. எங்கள் ஊரில் மழை பெய்வதே அபூர்வம், பெய்தால் தீப்பெட்டி வீடுகளில் அடுப்பெரியாது. பெட்டி காயாமல் பூஞ்சை பிடித்துவிடும். ஆச்சி அடுப்பைச் சுற்றிக் கோணிப்பையை விரித்து, தீ அணைந்த பிறகும் தங்கும் சூட்டில் பெட்டிகளைக் காயவைத்து, ஒரு குரோஸ்கூட வீணாகாமல் கட்டிக் கொடுத்திருந்தாள். மாதக் கடைசியில் ஏஜென்ட் நோட்டைப் பிரித்துக் கூலி சொன்னபோது பதினொரு குரோஸ் குறைந்தது. மழையில் கழிவு போய்விட்டது என்றார்.

ஆச்சிக்கு எழுதத் தெரியாது என்பது ஏஜென்டுக்குத் தெரியும். அடுப்படிச் சுவர் அவருக்குத் தெரியாது. அங்கே ஒவ்வொரு குரோஸுக்கும் ஒரு கரிக்கோடு, ஐந்தாவதற்குக் குறுக்கே ஒரு கோடு. மாதம் முடிந்து கூலி வந்ததும் சாணி மெழுகி அழித்துவிட்டு மறுபடி முதல் கோடு. மாமியாருக்குக்கூட அது ஏதோ பால் கணக்கு என்றுதான் எண்ணம். ஆச்சி ஏஜென்டிடம் சண்டை போடவில்லை. “சரி, கழிந்தது கழிந்ததாக இருக்கட்டும். கூலி தராத பெட்டி என் பெட்டி. பதினொரு குரோஸையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அடுப்பெரிக்க ஆகும்” என்றாள். ஏஜென்ட் பார்க்கலாம் என்று சொல்லிப் போனவர், அடுத்த முறை மூட்டையோடு வந்தபோது பேச்சை மாற்றினார். அதற்கடுத்த முறை, இப்படிக் கணக்குப் பேசுகிற வீட்டுக்கு வேலை கொடுப்பது கஷ்டம் என்றார்.

அந்தச் சனிக்கிழமை ஆச்சி அம்மாவைக் கையில் பிடித்துக்கொண்டு தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். பகலில், பஜார் வழியாக, முக்காடு இல்லாமல். அம்மாவுக்கு அன்று நடந்ததில் பேச்சைவிட நடைதான் அதிகம் நினைவிருக்கிறது. ஆச்சி அவ்வளவு வேகமாக நடந்து அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. சம்பள நாள். வாசலில் ஆண்களும் பெண்களுமாகக் கூட்டம். காவல்காரர் யார், என்ன என்று கேட்டதற்கு, தாத்தாவின் பெயரைச் சொல்லாமல், தெருப் பெயரைச் சொல்லி, பெட்டி ஒட்டுகிறவள் என்றாள். மேனேஜர் வெளியே வரும்வரை நின்றாள். வந்தவரிடம் சொன்னது இரண்டே விஷயம். நான் கொடுத்த கணக்கு என் வீட்டுச் சுவரில் இருக்கிறது, ஆள் அனுப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கழிவு என்று சொன்ன பதினொரு குரோஸை என் முன்னால் கொண்டுவந்து வையுங்கள்.

கொண்டுவந்து வைக்க அங்கே எதுவும் இல்லை. ஏஜென்ட் கொண்டுசேர்த்த மூட்டைகளின் கணக்கு ஆபீஸ் நோட்டிலும் இருந்தது, அதில் கழிவே காட்டவில்லை. மேனேஜர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு பேசாமல் உள்ளே போய்க் காசைக் கொடுத்தனுப்பினார். அங்கே நின்ற மற்ற பெண்கள் யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து தெருவில் நாலைந்து வீடுகளில் கரிக்கோடு விழ ஆரம்பித்தது என்று அம்மா சொல்வாள்.

தாத்தாவின் கடை ஆள் ஒருவர் ஆச்சியை அந்த வாசலில் பார்த்துவிட்டார். அவள் வீடு வந்து சேரும் முன்பே செய்தி வந்து சேர்ந்திருந்தது. அன்று இரவு தாத்தா சாப்பிடவில்லை. மறுநாளும் பேசவில்லை. பிள்ளைகளெல்லாம் ஒடுங்கிப்போய்க் கிடந்தார்களாம். மூன்றாம் நாள் மாலை கடையிலிருந்து வரும்போது, கமிஷன் கடையில் பயன்படுத்தும் நீளமான கணக்கு நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். விளக்கடியில் உட்கார்ந்து கோடு போட்டார். தேதி, அடிப்பெட்டி, மேல்பெட்டி, கூலி, வரவு. “இன்றைக்கு எத்தனை?” என்று ஆச்சியிடம் கேட்டார். அன்றிலிருந்து தினமும் இரவு அவர் எழுதினார்.

எங்கள் குடும்பத்தில் தாத்தாவைப் பற்றி எத்தனையோ கதைகள் உண்டு. எனக்கு இந்த ஒன்று போதும். வெட்கப்பட்ட மனிதர் வெட்கத்தை விழுங்கிவிட்டு, தனக்குத் தெரிந்த ஒரே வித்தையை மனைவியின் கூலிக்குக் கொடுத்தார். ஊருக்கு முன்னால் கடைசிவரை அவரும் வெளிப்படையாகப் பேசவில்லை, ஆச்சியும் பேசவில்லை. சாக்கு மூட்டை சம்பந்தி வந்தால் கட்டிலுக்கு அடியில்தான் போனது. ஆனால் வீட்டுக்குள் ஒரு பேரேடு இருந்தது. ஒரு வேலையை ஒருவர் மறைத்தார் என்பதாலேயே அதை மதிக்கவில்லை என்று நாம் முடிவு கட்டிவிடக் கூடாது. வெளியே சொல்லாமல் காப்பாற்றிய மானமும், பதினொரு குரோஸுக்காகப் பஜார் வழியே நடந்த மானமும் ஒருத்தியிடமே இருந்தன. கணக்கெடுக்க வந்தவர்களிடம் அவள் சொன்ன பதிலை மட்டும் வைத்துக்கொண்டு அந்தச் சனிக்கிழமையை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

மாமாவும் நானும்

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு இதை மாமாவிடம் பேசினேன். அவர் சொன்ன பதிலில் நியாயம் இருந்தது. “94 வயதில் ஒருவருக்குத் தொழில் என்று என்ன எழுதுவது? அம்மா பலகையை எடுத்துவைத்தே முப்பத்தைந்து வருஷம் ஆகிறதே” என்றார். அது சரிதான். 1980-களின் கடைசியில் கண்ணில் புரை விழுந்தது. மரச்சக்கை போய் அட்டைப் பெட்டி வர ஆரம்பித்ததும் அதே சமயத்தில்தான். அவள் ஒட்டுவதை விட்டாள். ஆனால் 1981-இல் தாத்தா இறந்தபோது அவர் கடைக்குப் போவதை நிறுத்திப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பத்திரிகையில் பெயருக்கு முன்னால் ‘கணக்குப்பிள்ளை’ என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். எந்தத் தொழில் ஒருவரை விட்டுப் போகாமல் ஒட்டிக்கொள்கிறது, எது பலகையை எடுத்துவைத்த அன்றே போய்விடுகிறது? மாமாவிடம் இதைக் கேட்டபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, அந்தப் பகுதி சான்றிதழில் வராது, யார் பார்க்கப்போகிறார்கள் என்றார். யார் பார்க்கப்போகிறார்கள் என்பது எனக்குச் சமாதானமாகவில்லை. தேசம் முழுவதும் இறந்த பெண்கள் என்ன தொழில் செய்தார்கள் என்று பிற்காலத்தில் யாராவது எண்ணிப் பார்த்தால், அந்தக் கிழித்து அனுப்பிய தாள்களைத்தானே எண்ணுவார்கள்?

தாத்தா எழுதிய நோட்டுகளில் ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கிறது, 1968-ஆம் வருஷத்தது. மாமா அதைப் பீரோவிலிருந்து எடுத்துவந்தார். அத்தனை வருஷம் அதைப் பத்திரமாக வைத்திருந்தவரும் அவர்தான். கறுப்பு மையில், சாய்வான கணக்கு எழுத்தில், பக்கம் பக்கமாகக் குரோஸ். கடைசிப் பக்கத்தில் வருஷத்தின் கூட்டுத்தொகை: 1,316 குரோஸ். 144-ஆல் பெருக்கினால் 1,89,504 பெட்டி. மாமாவே பெருக்கினார், வங்கியில் வேலை பார்த்தவர் அல்லவா. முப்பது வருஷத்துக்கு, உடம்புக்கு முடியாத மாதங்களையும் மழை மாதங்களையும் பிள்ளைப்பேறையும் தாராளமாகக் கழித்துப் பார்த்தாலும், ஐம்பது லட்சத்துக்குக் குறையவில்லை. அந்த எண்ணை எழுதிவிட்டு அவர் அதன் மேல் விரலை வைத்துக்கொண்டே இருந்தார். பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிக் கல்லூரி படித்தபோது மாதாமாதம் வந்த மணியார்டரைப் பற்றிப் பிறகு அவராகவே பேசினார். அனுப்பியவர் பெயர் தாத்தாவுடையதாக இருக்குமாம். தாத்தாவுக்கு அப்போது சம்பளமே கிடையாது என்பது இப்போதுதான் உறைக்கிறது என்றார்.

ஆச்சி ஒட்டுவதை விட்ட பிறகும் தீப்பெட்டிச் செய்தி எதையும் விட்டதில்லை. 1995-இல் ஒரு பெட்டி 50 காசு, 2007-இல் ஒரு ரூபாய். அதன் பிறகு 14 வருஷம் அதே ஒரு ரூபாய். நாட்டில் எல்லாம் விலை ஏறிய காலத்தில் ஏறாமல் நின்ற பொருள் தீப்பெட்டி. மூலப்பொருள் விலை தாங்காமல் 2021 டிசம்பரில் இரண்டு ரூபாய் ஆக்கினார்கள். டிவியில் செய்தி ஓடியபோது நான் பக்கத்தில் இருந்தேன். அதற்குள் காதும் மந்தமாகியிருந்ததால் உரக்கச் சொன்னேன். கேட்டுக்கொண்டு, வெற்றிலையை ஒதுக்கிவிட்டு, “ஒட்டுகிறவளுக்கு எவ்வளவு ஏறியது?” என்றாள். இப்போது வீட்டில் யாரும் ஒட்டுவதில்லை, அட்டையில் இயந்திரமே மடிக்கிறது என்று சொன்னேன். “பெட்டியில் குச்சி அடைக்கிறவள் இருப்பாளே” என்றாள். அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. 92 வயதில் அவளுக்கு அந்தக் கேள்விதான் முதலில் வந்தது. தொழில் இல்லாதவளுக்கு அந்தக் கேள்வி எங்கிருந்து வரும்?

இதையெல்லாம் எழுதப்போகிறேன் என்று சொன்னபோது வீட்டில் ஒத்த கருத்து இல்லை. மாமாவுக்குச் சம்மதம். சித்தி, மறைத்து வாழ்ந்தவளைச் செத்த பிறகு ஏன் தெருவுக்கு இழுக்கிறாய் என்று கோபப்பட்டாள். அந்தக் கோபத்தையும் நான் மதிக்கிறேன், ஆனால் ஏற்கவில்லை. அந்த வேலையில் மறைப்பதற்கு ஏதோ இருந்தது என்று அன்றைய ஊர் நினைக்கவைத்தது. அந்த நினைப்பை இன்னொரு தலைமுறை சுமக்க வேண்டிய அவசியம் இல்லை. அம்மா எதுவும் சொல்லவில்லை. நோட்டை வாங்கி, புரட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டாள்.

எதிர்பாராத பேச்சு பெரியம்மாவிடமிருந்து வந்தது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் அவள். அம்மா எட்டு வரை போனாள். சித்தி பத்து முடித்தாள். கல்லூரிக்குப் போனது கடைசியாகப் பிறந்த மாமா மட்டும். கணக்கை நான் போனில் வாசித்துக் காட்டியதும், “1,316 குரோஸும் உன் ஆச்சி ஒருத்தி ஒட்டியதா?” என்று கேட்டாள். காலையில் பள்ளிக்கூட மணி அடிக்கும்வரை, மாலையில் வந்த பிறகு விளக்கு அணைக்கும்வரை, பள்ளியை நிறுத்திய பிறகு பகல் முழுவதும், மூன்று பெண்களும் அந்தப் பலகையைச் சுற்றித்தான் உட்கார்ந்திருந்தார்களாம். தாத்தா எழுதும்போது எல்லாவற்றையும் ஒரே கூட்டலாகத்தான் எழுதினார், யார் எத்தனை என்று பிரித்ததில்லை. தொழிற்சாலைகளில் பிள்ளைகளை வைத்து வேலை வாங்கக் கூடாது என்று 1986-இல் வந்த சட்டமும், குடும்பத்தார் வீட்டுக்குள் சேர்ந்து செய்யும் வேலையைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிட்டது. ஆச்சிக்குத் தொழில் இல்லை என்று எழுதியதற்கு நான் கோபப்பட்டேன். அந்த ஐம்பது லட்சத்தில் என் அம்மாவின் கை எவ்வளவு என்று நானும் கேட்டிருக்கவில்லை, யாரும் கேட்டதில்லை.

“எழுதுவதானால் சரியாக எழுது” என்றாள் பெரியம்மா. “அடிப்பெட்டியில் பாதி என்னுடையது. மேல்பெட்டி பெரும்பாலும் உன் அம்மா. தாளை அளவாகக் கிழித்துக் கொடுத்தது சின்னவள், அவளுக்கு ஒட்ட வராது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அம்மா எங்களை விட்டுவிட்டு, தான் தனியாக ஒட்டுவாள். அதைக் கழித்துக் கணக்குப் போடு.”